ஐம்பதைக் கடந்த ஆண்களின் தாம்பத்திய நலமும் ஹார்மோனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிங்கப்பூரின் அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்குத் தவறாமல் போகும் நம் ஆண்கள், "வேறு ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று மருத்துவர் கேட்டால் "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று எழுந்துவிடுகிறார்கள். சிலர் கதவுப் பிடியில் கை வைத்த பிறகு திரும்பி நின்று, "அப்புறம் இன்னொரு விஷயம்..." என்று தொடங்கி, பிறகு வேண்டாம் என்று போய்விடுவார்கள். தாதியாக வேலை செய்யும் எனக்கு இது பழகிய காட்சி. ஆணுறுப்பு விறைப்பதில் வரும் குறைபாடு, ஆண் ஹார்மோன் குறைவு பற்றி அப்படிச் சொல்லாமல் போன கேள்விகளுக்கான பதில்கள் இவை.

வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே? இதுக்கு எதுக்கு டாக்டர்?

வயது கூடக் கூட அதிகம் பேருக்கு வருகிறது, உண்மைதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களை ஆராய்ந்து 1994இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கும் சற்று மேலானவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைபாடு இருந்தது.

ஆனாலும் 'வயசு' என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்துக்குப் போகும் குழாய்கள் மூன்று, நான்கு மில்லிமீட்டர். சர்க்கரையும் கொழுப்பும் சிகரெட்டும் உடம்பு முழுக்க உள்ள ரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. சிறிய குழாய் முதலில் காட்டிக்கொடுக்கிறது. பல ஆண்களுக்கு நெஞ்சு வலி வருவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே விறைப்பு குறையத் தொடங்கிவிடுகிறது. மாரடைப்பைத் தடுக்கக் கிடைக்கும் அவகாசம் அது. வெட்கப்பட்டுக்கொண்டு அதை வீணாக்குவதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

ஆகவே 50 வயதுக்காரர் ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டு வந்தால், நல்ல மருத்துவர் வெறும் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்ப மாட்டார். ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு எல்லாம் பார்ப்பார்.

பிரச்சினை உடம்பிலா, மனசிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

விடிகாலையில் தானாக விறைப்பு வருகிறதா என்று கவனியுங்கள். ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில் இரவொன்றுக்கு மூன்று முதல் ஐந்து முறை அது நடக்கும். காலையில் நன்றாக இருந்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும் போய்விடுகிறது என்றால் பதற்றம், மனக்கசப்பு, வேலை அழுத்தம் இவை பெரும்பங்கு வகிக்கலாம். மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்து, காலையிலும் இல்லை என்றால் ரத்தக் குழாய், நரம்பு, ஹார்மோன் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டும் கலந்திருப்பதுதான் அதிகம். முதல் தடவை உடம்பால் தவறியது, அடுத்த தடவை 'மறுபடி தவறிடுமோ' என்ற பயத்தாலேயே தவறும்.

எனக்கு 15 வருஷமா சர்க்கரை. அதனால்தானா?

பெரும்பாலும் ஆமாம். நீரிழிவு ரத்தக் குழாயையும் கெடுக்கும், நரம்பையும் கெடுக்கும். விறைப்புக்கு இரண்டுமே வேண்டும். நீரிழிவு உள்ள ஆண்களுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ பத்து ஆண்டுகள் முன்னதாகவே இந்தத் தொல்லை தொடங்குகிறது. சிங்கப்பூரில் சீனர்களைவிட நம் இந்தியர்களிடையே நீரிழிவு கூடுதல். 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தபோது கண், கால், சிறுநீரகம் பற்றியெல்லாம் நம் ஊரில் நிறையப் பேசினோம். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் மேலும் கெடாமல் தடுக்கலாம். ஆரம்பத்திலேயே பிடித்தால் ஓரளவு திரும்பவும் கிடைக்கும். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது, வயிற்றுச் சதையைக் குறைப்பது, சிகரெட்டை விடுவது எல்லாம் இதயத்துக்கு எப்படியோ அப்படியே இதற்கும் நேரடி மருந்து.

மற்ற மருந்துகளால் வருமா?

வரும். சில ரத்த அழுத்த மாத்திரைகள், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகள், புரோஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள ஆண் சுரப்பி) வீக்கத்துக்கான ஃபினாஸ்டெரைடு போன்றவை ஆசையையோ விறைப்பையோ குறைக்கலாம். சந்தேகம் இருந்தால் மருந்துப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மாற்று மருந்து பெரும்பாலும் இருக்கும். நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

வயாகரா போன்ற மாத்திரைகள் எப்படி வேலை செய்கின்றன? சாப்பிட்டேன், ஒன்றும் நடக்கவில்லையே?

வயாகராவின் மருந்துப் பெயர் சில்டெனாஃபில். 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதலில் நெஞ்சு வலிக்காக ஆராய்ந்த மருந்து அது. ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் தளர்ந்து ரத்தம் நிரம்ப உதவும். ஆசையை அது உண்டாக்காது. மாத்திரையைப் போட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. அணைப்பும் தூண்டுதலும் வேண்டும்.

பலன் இல்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் சாப்பிடும் முறையில்தான் தவறுகிறார்கள். பிரியாணி சாப்பிட்டுவிட்டு சில்டெனாஃபில் போட்டால், கொழுப்பான சாப்பாடு அது உடம்பில் சேர்வதைத் தாமதப்படுத்தும். வெறும் வயிற்றிலோ லேசான சாப்பாட்டுக்குப் பிறகோ, ஒரு மணி நேரம் முன்பாகப் போட வேண்டும். சுமார் நான்கு மணி நேரம் பலன் இருக்கும். டடாலஃபில் என்ற இன்னொரு மருந்துக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை, 36 மணி நேரம் வரை தாங்கும். அதைத் தினமும் 5 மில்லிகிராம் என்று சின்ன அளவிலும் எடுக்கலாம். புரோஸ்டேட் வீக்கத்தால் அடிக்கடி சிறுநீர் போகும் தொல்லையையும் அதே மாத்திரை குறைக்கும். இரண்டு தொந்தரவும் உள்ள அறுபது வயதுக்காரர்களுக்கு இதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்.

ஒரு தடவையில் முடிவு கட்டாதீர்கள். சரியான அளவில், சரியான முறையில் ஐந்தாறு தடவை பார்த்த பிறகுதான் பலன் இல்லை என்று சொல்ல முடியும். தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் வரலாம். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தாமதித்தால் உறுப்புக்கே நிரந்தரச் சேதம்.

இதயக் கோளாறு உள்ளவர்கள் இந்த மாத்திரையைப் போடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கவோ ஸ்பிரே அடிக்கவோ ஒரு மருந்து கொடுத்திருப்பார்கள். பெயர் கிளிசரில் டிரைநைட்ரேட், சுருக்கமாக ஜிடிஎன். சட்டைப்பையில் சிறிய பழுப்புக் குப்பியில் பலர் வைத்திருப்பார்கள். தினசரி மாத்திரையாக ஐசோசார்பைடு என்ற பெயரிலும் இதே வகை மருந்து உண்டு. இவற்றோடு சில்டெனாஃபிலோ டடாலஃபிலோ சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று விழும். உயிரே போகலாம். இவற்றை எடுப்பவர் அந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. நண்பர் கொடுத்த பாதி மாத்திரையும் கூடாது.

மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை போட்ட பிறகு நெஞ்சு வலி வந்தால் 995 என்ற ஆம்புலன்ஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். அவசர மருத்துவ உதவியாளரிடம் "இந்த மாத்திரை போட்டிருக்கிறேன், இத்தனை மணிக்கு" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம், டடாலஃபில் போட்டு 48 மணி நேரம் ஜிடிஎன் கொடுக்கக் கூடாது. மனைவி பக்கத்தில் நின்றாலும், மகன் நின்றாலும் சொல்லுங்கள். மனைவிக்கு முன்பே தெரிந்திருப்பது இன்னும் நல்லது, நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால் அவர்தானே சொல்ல வேண்டும்.

ஜிடிஎன் வகை மருந்து எடுக்காத, கட்டுக்குள் இருக்கும் இதய நோயாளிகள் பலர் மருத்துவரைக் கேட்டு இதைப் பயன்படுத்தலாம். புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின், டெராசோசின் போன்றவை சாப்பிடுபவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழாமல் இருக்க அளவைக் குறைத்துத் தொடங்குவார்கள்.

மாரடைப்பு வந்த பிறகு உடலுறவே கூடாதா?

வாழ்நாள் முழுக்க ஒதுங்கி இருக்க வேண்டியதில்லை. மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் இரண்டு மாடி படி ஏற முடிகிறதா என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கேட்கும் கேள்வி. உங்கள் அடுக்குமாடி புளோக்கின் படிக்கட்டிலேயே தெரிந்துவிடும். எப்போது தொடங்கலாம் என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும்.

இந்த மாத்திரைகள் கேலாங் வட்டாரப் பின்சந்துகளில் மலிவாகக் கிடைக்கிறதாமே?

2008ஆம் ஆண்டு நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜனவரி முதல் மே வரை, நீரிழிவே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கி சிங்கப்பூரின் ஐந்து அரசாங்க மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். சர்க்கரை இல்லாதவருக்கு ஏன் சர்க்கரை இறங்குகிறது என்று மருத்துவர்கள் திகைத்தார்கள். விசாரித்தபோது பலர் கள்ளத்தனமாக விற்ற வீரிய மாத்திரைகளைச் சாப்பிட்டிருந்தார்கள். போலி சியாலிஸும் (டடாலஃபிலின் பிராண்ட் பெயர்) மூலிகை என்று சொல்லி விற்ற மாத்திரைகளும் அதில் அடக்கம். சோதித்ததில் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து இருந்தது. சிலவற்றில் 100 மில்லிகிராம் வரைக்கும். நீரிழிவு நோயாளிக்கே ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்கள். ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள். அவர்களில் நால்வர் இறந்துபோனார்கள்.

இறந்தவர்களும் ஒருவருடைய அப்பா, ஒருவருடைய கணவர். மருத்துவரிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் தப்பியிருக்கக்கூடிய உயிர்கள். பின்சந்தில் விற்பவர் மட்டுமில்லை, இணையத்தில் விற்கும் 'ஆண்களுக்கான' காப்பி, மிட்டாய், தேன் பொட்டலங்களும் இதே கதைதான். இயற்கை என்று ஒட்டியிருக்கும், உள்ளே சொல்லாமல் டடாலஃபில் கலந்திருக்கும். சுகாதார அறிவியல் ஆணையம் இப்படிப்பட்ட பொருள்களைக் குறித்துத் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. ஜிடிஎன் குப்பி சட்டைப்பையில் இருக்கும் ஒருவர் அந்தக் காப்பியைக் குடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஊரிலிருந்து லேகியம், பஸ்பம் வரவழைத்துச் சாப்பிடலாமா?

பஸ்பம், செந்தூரம் வகைகளில் பாதரசமும் ஈயமும் இருக்கக்கூடும். ஏற்கெனவே சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது பெரிய அடி. எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இதோடு ஒன்று. நம் தலைமுறை ஆண்கள் வாரப் பத்திரிகைகளின் பின்பக்க விளம்பரங்களைப் படித்து வளர்ந்தவர்கள். இந்தத் தேதியில் இந்த லாட்ஜில் வைத்தியர் முகாம், இளமையில் செய்த தவறுகளால் நரம்புத் தளர்ச்சி, ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு ரத்தத்துக்குச் சமம். இதில் எதுவுமே உண்மையில்லை. சுய இன்பத்தால் அறுபது வயதில் ஆண்மை போகாது. நாற்பது வருடம் இந்தக் குற்ற உணர்ச்சியைச் சுமந்துகொண்டு, "சின்ன வயசு பாவம், அனுபவிக்கிறேன்" என்று சிகிச்சையே வேண்டாம் என்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஐயா, அது உங்கள் சர்க்கரை. பாவம் இல்லை.

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்தால் எப்படித் தெரியும்?

ஆசையே குறைந்துபோவது, காலை விறைப்பு நின்றுபோவது, காரணமில்லாத சோர்வு, தசை கரைந்து வயிறு மட்டும் பெருப்பது, எதிலும் மனம் ஒட்டாமை. நாற்பதுக்குப் பிறகு இந்த ஹார்மோன் ஆண்டுக்குச் சுமார் ஒரு விழுக்காடு இறங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது போல ஆண்களுக்கு ஒரே அடியாக நிற்பதில்லை. சோர்வாக இருக்கும் எல்லாருக்கும் ஹார்மோன் குறைவும் இல்லை. மனச்சோர்வு, தைராய்டு, குறட்டையோடு மூச்சு நின்று போகும் தூக்கக் கோளாறு எல்லாம் இதே மாதிரிதான் தெரியும்.

ரத்தப் பரிசோதனையைக் காலை 7 முதல் 11 மணிக்குள், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். மத்தியானம் எடுத்தால் அளவு இயல்பாகவே குறைந்திருக்கும். ஒரு முறை குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி எடுக்க வேண்டும். பொதுவாக லிட்டருக்கு 12 நானோமோலுக்கு மேல் இருந்தால் பிரச்சினை ஹார்மோனில் இல்லை. 8க்குக் கீழே என்றால் சிகிச்சை பற்றிப் பேசலாம். நடுவில் இருப்பவர்களுக்கு அறிகுறிகளையும் மற்ற ஹார்மோன்களையும் பார்த்து முடிவு செய்வார்கள். சாயங்காலம் ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்துவிட்டு அன்றைக்கே ஊசி போடும் இடம் என்றால், எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த ஊசி போட்டால் இளமை திரும்புமா?

உண்மையில் குறைவாக இருப்பவருக்கு ஆசையும் தெம்பும் கூடும். அளவு சரியாக இருப்பவருக்குப் போட்டால் பணச்செலவும் பக்க விளைவும்தான் மிச்சம். தோலில் தடவும் ஜெல் உண்டு. 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டு. ஜெல் தடவிய தோளில் பேரப்பிள்ளையைத் தூக்கிச் சாய்த்துக்கொண்டால் மருந்து குழந்தையின் உடம்பில் ஏறும். கையை நன்றாகக் கழுவி, தடவிய இடத்தை உடையால் மூட வேண்டும்.

ரத்தம் கெட்டியாகலாம் என்பதால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ரத்தமும் பிஎஸ்ஏ என்ற புரோஸ்டேட் பரிசோதனையும் பார்ப்பார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வரும்போது உடம்பு விந்தணு உற்பத்தியைக் குறைத்துவிடும். இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டு குழந்தை வேண்டும் என்றிருப்பவர் இதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

இதயத்துக்கு ஆபத்தா என்ற பயம் பல காலம் இருந்தது. 2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், இதய நோய் உள்ள அல்லது வரும் வாய்ப்பு அதிகமுள்ள 45 முதல் 80 வயது வரையிலான சுமார் 5,200 ஆண்களைப் பார்த்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புச் சீர்கேடும் நுரையீரலில் ரத்தக்கட்டும் ஹார்மோன் எடுத்தவர்களிடம் சற்று அதிகம். புரோஸ்டேட் புற்றுநோய் உள்ளவருக்குப் பொதுவாக இதைக் கொடுப்பதில்லை.

பருமனாக இருப்பவர்கள் முதலில் எடையைக் குறைத்துப் பாருங்கள் என்பேன். கொழுப்புத் திசு இந்த ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது. எடை இறங்கினால் அளவு தானாகவே ஏறும்.

மாத்திரை கேட்கவில்லை. வேறு வழி?

வெற்றிட பம்ப், உறுப்பிலேயே போட்டுக்கொள்ளும் மெல்லிய ஊசி, கடைசியாக அறுவை சிகிச்சை மூலம் பொருத்தும் கருவி. ஊசி என்றதும் பயப்படுவார்கள், ஆனால் நீரிழிவு முற்றியவர்களுக்குக்கூட நன்றாகக் கேட்கும். அதிர்வலைச் சிகிச்சையைப் பல ஆயிரம் வெள்ளித் தொகுப்பாக விற்கிறார்கள். அதற்கான சான்றுகள் இன்னும் உறுதியாகவில்லை. முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

என் வீட்டுக்காரர் ஒதுங்கியே படுக்கிறார். கேட்டால் எரிந்து விழுகிறார். நான் என்ன செய்வது?

இதைக் கேட்கும் பெண்கள் பலர், "என்னைப் பிடிக்காமல் போயிடுச்சோ, வேற யாராவது..." என்று ஆண்டுக்கணக்கில் மனசுக்குள் வெந்துபோனவர்கள். பெரும்பாலும் அவர் தோற்றுப்போவோமோ என்று பயந்து, தொடுவதையே நிறுத்தியிருப்பார். படுக்கையில் பேசாதீர்கள். சாயங்காலம் நடக்கப் போகும்போது, முகம் பார்க்காமல் பக்கத்தில் நடந்துகொண்டே சொல்வது எளிது. "உங்க சர்க்கரைக்கு இப்படி வருமாம், டாக்டர்கிட்ட நானும் வர்றேன்" என்று தொடங்கலாம். உங்களுக்கும் மாதவிடாய் நின்ற பிறகு வறட்சியும் வலியும் இருந்தால் அதற்கும் ஜெல்லும் கிரீமும் இருக்கின்றன. அவருக்கு மாத்திரை வாங்கி, உங்கள் வலியை மறைத்தால் யாருக்கும் நன்மையில்லை.

எங்கே போவது? மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கழிக்கலாமா?

வழக்கமாகப் போகும் பலதுறை மருந்தகத்திலோ சாஸ் (அரசாங்கச் சலுகைத் திட்டத்தில் உள்ள தனியார்) மருந்தகத்திலோ தொடங்குங்கள். அங்கிருந்து அனுப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனையின் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவுக்குப் போனால்தான் சலுகைக் கட்டணம். நீரிழிவு, ரத்த அழுத்தம், கொழுப்பு, புரோஸ்டேட் வீக்கம் ஆகியவை மெடிசேவ் பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. விறைப்புக் குறைபாடு அதில் இல்லை, மாத்திரைக்குக் கைக்காசுதான். பிராண்ட் பெயர் இல்லாத சில்டெனாஃபில் கேளுங்கள், அதே மருந்துதான், விலை நன்றாகக் குறையும்.

இளம் பெண் மருத்துவர், ஆங்கிலமும் சரளமில்லை, மொழிபெயர்க்க மகள்தான் கூட வருகிறாள். எப்படிச் சொல்வேன்?

அன்றைக்கு மட்டும் மகளை வெளியே உட்காரச் சொல்லுங்கள். "ஆஸ்பத்திரி விஷயம், நானே பேசிக்கிறேன்மா" என்றால் போதும். பதிவு செய்யும் இடத்தில் ஆண் மருத்துவர் வேண்டும் என்றோ தமிழ் பேசும் தாதி வேண்டும் என்றோ கேட்கலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். "எரெக்‌ஷன் ப்ராப்ளம்" என்ற இரண்டே சொற்கள் போதும். வாயில் வரவில்லை என்றால் அந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி, மருந்துப் பட்டியலோடு மேசையில் வையுங்கள். எத்தனை மாதமாக இருக்கிறது, காலையில் வருகிறதா, ஜிடிஎன் எடுக்கிறீர்களா என்று அவர் கேட்பார். உட்கார்ந்ததுமே தாளைக் கொடுத்துவிடுங்கள். சர்க்கரை, அழுத்தம் எல்லாம் பேசி முடித்து எழும்போது கொடுத்தால் அடுத்த நோயாளியின் எண் திரையில் வந்துவிடும்.